குழியின் அளவு

விமலராஜ் இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த நாளிலிருந்து எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. வாசல்கள் அவனை விடவில்லை. அளவு நாடாவின்படி அவன் மெலிந்த, நடுத்தர உயரமான ஆள்தான். விமானமும் கப்பலும் பேருந்தும் அவனை மறுக்காமல் ஏற்றின. அசையாமல் நிற்கும் வீடுகளில் மட்டும் தோள் முட்டியது. வன்னியில் கடைசிச் சண்டையின்போது அவன் இருந்த பதுங்குகுழியின் மேல் ஷெல் விழுந்தது. அன்றிலிருந்து அவன் உடல் அந்தக் குழியின் அளவிலேயே இருந்தது. பல்லறோ சந்தைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே படுக்க இடம் விட்டார்கள். வீடு கிடைக்காதவர்கள் அந்த நகரத்தில் ஏராளம் என்பதால் ஒருவரும் அதைப் பெரிதாகக் கதைக்கவில்லை.

மலையடிவாரத்துத் துப்பாக்கி சுடும் மைதானத்தில் வெற்றுப் பித்தளை ரவைக் கோதுகளைப் பொறுக்குவது அவன் வேலை. அவை எமிலியானாவுடையவை. முதுமையிலும் போட்டிக்குச் சுடும் அந்தச் சிஞ்ஞோரா, மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோலப் பித்தளையைப் பார்ப்பாள். ஒவ்வொன்றாக நிறுப்பாள், கழுத்தின் தடிப்பை அளப்பாள், ஒரு பக்கம் தடித்ததைக் கழிப்பாள். தேறியதில் மருந்தடைத்துத் தன் றைபிளில் ஒருமுறை சுடுவாள். அந்தச் சூட்டில் கோது விரிந்து, துப்பாக்கி அறையின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். அதன்பிறகு அது அந்தத் துப்பாக்கிக்கே உரியது. தன் குறி பிசகாததற்கு அதுதான் காரணம் என்பாள்.

மனைவி நிசாந்திக்கு விசா கிடைத்த வாரம், அவளோடு ஒரு கூரையின் கீழ் வாழ வழியில்லையே என்று விமலராஜ் எமிலியானாவிடம் சொன்னான். அவளுக்குத் தெரிந்தது பித்தளை வைத்தியம்தான். விரிந்த கோதைச் சுருக்க அச்சில் அமுக்குவதற்கு முன் மெழுகு பூசுவதுபோல அவன் தோளில் பூசி, தன் மொண்டெல்லோ வீட்டு வாசலுக்குள் தள்ளினாள். தோளில் மயிரிழை விரிசல் விழுந்து, பழைய புகை கசிந்தது. பயந்துபோனாள். இவனை அமுக்கக் கூடாது, இவனுக்குத்தான் அறை வெட்ட வேண்டும் என்று தோட்டத்தைக் கொடுத்தாள். விமலராஜ் மஞ்சள் கல்லில் முழங்கைபோல மடிந்த குழியொன்றை வெட்டி, வண்டரித்துப் பட்டுப்போன ஈச்சமரக் குற்றிகளை மேலே அடுக்கினான். இறங்கினான், எங்கும் முட்டவில்லை. ஆனால் நிசாந்தியை மறுபடியும் ஒரு குழிக்குள் கூப்பிட அவனுக்கு மனம் வரவில்லை. அவளுக்கு எமிலியானாவின் மாடியில் கட்டில் போட்டான்.

நிசாந்தி வந்தாள். வாசலில் அவள் தோளும் முட்டியது.

"இவ்வளவு காலமும் ஊரிலை மாமரத்துக்குக் கீழைதான் படுத்தனான்," என்றாள். "நீங்கள் கவலைப்படுவியள் எண்டு சொல்லேல்லை."

"நானும் சொல்லேல்லை. வாரும், அங்கை உமக்கும் இடமிருக்கு."

இருவரும் இறங்கினார்கள். அவளுக்கும் முட்டவில்லை. இருவரும் படுத்த பிறகு, மடிப்பின் மூலையில் சிறியதொரு இடம் மிஞ்சியது. விமலராஜ் அதை அளந்து வெட்டவில்லை, கை தானாக வெட்டியிருந்தது. அது அன்று அவர்களோடு குழிக்குள் இருந்து, வெளியே வராத மகள் நிலக்சியின் அளவு. நிசாந்தி அதில் கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

இன்றும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மாரியில் தோட்டமெல்லாம் நனைந்து கிடக்கும்போதும் அந்த மூலை சூடாகவே இருக்கிறது. அங்கே போட்டால் துணி உடனே காயும் என்று எமிலியானா சொல்லிப் பார்த்தாள். நிசாந்தி துணிகளை வெளியிலேயே போடுகிறாள்.