வாசனை இல்லாத வீடு

லிஃப்ட் மெக்கானிக்கின் சமையலறையில் சமையலுக்குத்தான் இடமில்லை. மேடை முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். எல்லாவற்றிலும் ஆரஞ்சுத் தோல் வினிகரில் முங்கிக் கிடந்தது. அவன் வேலை பார்க்கும் கட்டடத்தின் கீழே இருந்த ஜூஸ் கடைக்காரர், குப்பைக்குப் போகிற தோலைப் பையில் கட்டிக் கொடுப்பார். "இதை வெச்சு என்ன பண்றீங்க?" என்று முதல் தடவை கேட்டவர், "வீடு துடைக்க" என்ற பதிலைக் கேட்டு ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார்.

எல்லாம் மகளுக்காக. அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு வயது, வாய்க்கு மட்டும் பதினெட்டு. சின்னதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. மனைவியைப் பிரிந்து அவன் இந்த ஒற்றை அறை வீட்டுக்கு வந்த புதிதில், ஒரு சனிக்கிழமை அவள் இங்கே தங்க வந்தாள். பிள்ளை வருகிறாளே என்று, கடையில் இருந்ததிலேயே நெடி கூடிய திரவத்தை வாங்கித் தரையையும் கழிப்பறையையும் கழுவினான். சாயங்காலத்துக்குள் பிள்ளைக்கு மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாகிவிட்டது.

அதன்பிறகு சனிக்கிழமை என்றால் பூங்கா, ஐஸ்கிரீம், இருட்டுவதற்குள் திரும்ப ஒப்படைப்பு.

"கெமிக்கல் நெடி இல்லாத வீடா மாத்துங்க. அப்புறம் ராத்திரி தங்க அனுப்புறேன்" என்றாள் மனைவி. அதில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. கோபம் இருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போடலாம்.

கைபேசியில் வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கற்றுக்கொண்டான். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தொட்டியில் தேய்த்தால் கறை போகும். எலுமிச்சைச் சாறு குழாயில் படிந்த உப்பைக் கரைக்கும். தோல் ஊறிய வினிகரை வடிகட்டிப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்தால் தரை பளபளக்கும். வேலை முடிந்து வந்து தேய்ப்பதும் வடிகட்டுவதுமாகவே பொழுது போனது. சோற்றை நின்றபடியே சாப்பிட்டான். பக்கத்து வீட்டில் யாராவது சிரித்தால் சுவர் வழியாகக் கேட்கும். அப்போது தேய்ப்பதைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்வான்.

அக்கா ஒருநாள் போன் செய்தாள். "என்னடா சத்தம் அது, கரகரன்னு?"

"பாத்ரூம் தேய்க்கிறேன்க்கா."

"யாரு, நீயா? குளிச்ச துண்டைப் பிழியத் தெரியாது உனக்கு! இந்தக் கூத்தை அவ வீட்டுல இருந்தப்பவே ஆடியிருந்தா..."

"அக்கா."

"சரி சரி, வாயை மூடிக்கிறேன். நல்லாத் தேய். மூலையை விட்டுடாதே."

வெள்ளிக்கிழமை மனைவியிடமிருந்து செய்தி வந்தது: நாளைக்குக் குருவி தங்கட்டும், பார்க்கலாம். அதை அவன் எத்தனை தடவை படித்தான் என்று கணக்கில்லை.

உடனே பயமும் வந்தது. முன்னால் குடியிருந்தவர் பிடித்த சிகரெட் வாடை சுவரில் இன்னும் இருக்கிறதோ? தன் சட்டையின் கிரீஸ் வாடை? மூக்கைச் சுவரில் வைத்து முகர்ந்தான். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எதற்கு வம்பு என்று, வடிகட்டிய ஆரஞ்சு வினிகரைத் தண்ணீரே கலக்காமல் ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றினான். தரை, சுவர், திரைச்சீலை எல்லாவற்றிலும் அடித்தான். மகளுக்கென்று வாங்கிய புதுத் தலையணை உறையையும் விடவில்லை. வீடே ஆரஞ்சுத் தோட்டமாக மணந்தது. அன்று அவனுக்கு நிம்மதியான தூக்கம்.

மறுநாள் குருவி செருப்பைக் கழற்றும்போதே கத்தினாள். "அப்பா, உங்க வீடு மிட்டாய் டப்பா மாதிரி வாசனையா இருக்கு!"

"எல்லாம் அப்பா கையால செஞ்சது. கெமிக்கலே கிடையாது."

"அப்ப இதைக் குடிக்கலாமா?"

"குடிச்சுப் பாரேன், உள்ளே இருக்கற குடலும் பளபளன்னு ஆயிடும்."

விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டிலில் குப்புறப் படுத்து, தலையணையில் தாடையை ஊன்றிப் படம் வரைந்தாள். பள்ளிக்கூடக் கதையெல்லாம் கொட்டினாள். அவன் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து, 'ம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வெளிச்சம் மங்குகிற நேரம் ஒரு இருமல். சும்மா இருக்கும் என்று நினைத்தான். இன்னொன்று. பேச்சு நடுவில் நின்று நின்று வந்தது. அவள் தோள்கள் மேலே ஏறி இறங்கின. பையிலிருந்த இன்ஹேலரைக் கொடுத்து, தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினான். ஊருக்கெல்லாம் லிஃப்ட் சரிசெய்கிறவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. வாசலில் நல்ல காற்று வீசியது. குருவி அவன் தோளில் சாய்ந்து மெதுவாக மூச்சை மீட்டுக்கொண்டாள்.

அவன் போன் செய்ததும் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். "பரவாயில்லை. அடங்கிடுச்சு." பிறகு அவன் சட்டையை முகர்ந்தவள், "என்ன இது, ஆரஞ்சா?" என்றாள்.

"தோலை வினிகர்ல ஊறப் போட்டது. இயற்கைதான். கடையில எதுவும் வாங்கல, சத்தியமா."

"இயற்கையோ செயற்கையோ, வாசனைன்னாலே அவளுக்கு ஆகாது. ஆரஞ்சு உரிச்சாக்கூட நான் ஜன்னல்கிட்டப் போய்த்தான் உரிப்பேன். வினிகர் நெடியும் அப்படித்தான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"கெமிக்கல்னு மட்டும் சொன்னது என் தப்புதான். ஆனா நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே."

கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாளோ என்று பயந்துதான் ஊர்ப்பட்ட வீடியோவைப் பார்த்தான். மேலே போய்ப் பையை எடுத்து வந்து கொடுத்தான். குருவி ஆட்டோவில் ஏறும்போது, "அப்பா, படம் இன்னும் முடியல. பத்திரமா வெச்சிருங்க" என்றாள்.

"ஒரு நிமிஷம்" என்று மனைவியைக் கூப்பிட்டான். "அவளுக்கு வேற என்னெல்லாம் ஆகாது?"

அவள் ஆட்டோவில் வைத்த காலைக் கீழே எடுத்தாள். "நாளைக்குக் கூப்பிடுங்க. எல்லாத்தையும் சொல்றேன். இப்போதைக்கு வெந்நீரும் சோடாவும் போதும்."

ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. அவன் மேலே போய் ஜன்னல்களைத் திறந்தான். ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தான். திரைச்சீலைகளைக் கழற்றி ஊறப்போட்டான். வெந்நீரில் சோடா கலந்து, சுவரையும் தரையையும் வாசனை போகும்வரை திரும்பத் திரும்பத் துடைத்தான்.

கடைசியில் தலையணை உறை மிஞ்சியது. அவள் தாடை பதிந்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாக் கறை, கூடவே ஒற்றை முடி. முகத்தில் வைத்துப் பார்த்தான். முதலில் ஆரஞ்சு வந்தது. அதற்குப் பின்னால், மெலிசாக, குருவியின் தலை வாசனை.

இதை மட்டும் விட்டுவிடலாமா என்று கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். பிறகு முடியை எடுத்து வைத்துவிட்டு, உறையை வெந்நீரில் அமுக்கினான்.