எட்டாம் நம்பர் பூட்ஸ்

மழைக்கு முன்னால் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ரப்பர் பூட்ஸ் கொடுப்போம். போடிமெட்டுக்குக் கேரளப் பக்கம் இருக்கும் அந்த எஸ்டேட்டின் ஸ்டோர் என் பொறுப்பு. கொழுந்து பறிக்கும் பெண்களின் கால் நம்பர் அத்தனையும் எனக்கு மனப்பாடம். என் மனைவி மாரீஸ்வரிக்கு ஆறு.

இந்த வருஷம் வரிசையில் வந்து நின்று, "எனக்கு எட்டு குடுங்க" என்றாள்.

எட்டு அவள் தம்பி ஈஸ்வரனின் நம்பர். முன்பொரு தடவை ஸ்டோர் பூட்ஸ் ஒரு ஜோடி போடியிலிருக்கும் அவன் காலுக்குப் போய்ச் சேர்ந்து, மேனேஜரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே.

"இந்த வயசுல காலு வளருதாக்கும்? தம்பிக்கு வேணும்னா கடையில வாங்கிக் குடு."

வரிசையே சிரித்தது. அவள் ஆறையே வாங்கிக்கொண்டு போனாள். வாயாடி ஒருத்தி பதில் பேசாமல் போகிறாளே என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து, சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் பூட்ஸைக் கழற்ற முடியாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள். இழுத்துவிடப் போனேன். இரண்டு பூட்ஸையும் பின்பக்கம் கத்தியால் கீறி, சாக்குச் சரடால் கட்டியிருந்தாள்.

"புது பூட்ஸ கிழிச்சு வச்சிருக்கியே, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?"

சரடை அவிழ்த்தேன். கீறல் வழியாக ஏறிய அட்டை ஒன்று ரத்தம் குடித்துக் கொழுத்து இடது காலில் தொங்கியது. உப்பு போட்டதும் விழுந்தது.

"அட்டை கடிச்ச வீக்கந்தாங்க" என்று காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். விடாமல் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. அட்டை தொடாத வலது காலிலும் அதே குழி.

"எத்தன நாளா?"

"ஒரு மாசமா. காலையில வத்திரும், சாயந்தரம் ஏறிரும். அதான எட்டு கேட்டேன்."

அந்த வரிசையின் சிரிப்பு எனக்குத் திரும்பக் கேட்டது. என்னைப் போல ஒரு மடையன் கிடையாது.

மறுநாள் எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் லிஜி பார்த்துவிட்டு, "அட்டை கடிச்சா கடிச்ச இடந்தானே வீங்கும் சேட்டா? ரெண்டு காலும் ஒண்ணுபோல வீங்கினா ஹார்ட்டு, கிட்னி எல்லாம் பார்க்கணும்" என்றார்.

டவுன் ஆஸ்பத்திரியில் ரிசல்ட் வரும்வரை நான் அவள் கையை விடவே இல்லை. அவள் இல்லாத வீட்டுக்குள் நான் எப்படி நுழைவேன் என்று அழுகை வந்தது. "ஒண்ணும் இருக்காதுங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னவளும் அவள்தான்.

ஒன்றும் இல்லை. இரண்டு மாதமாக அவள் போடும் பிரஷர் மாத்திரைதான் காரணம் என்றார் டாக்டர். அதனால் சிலருக்குக் காலில் நீர் கோர்க்குமாம். "நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க" என்று சொல்லி, வேறு எழுதிக் கொடுத்தார்.

வீக்கம் வற்றும்வரைக்கும் என் சொந்த பூட்ஸைக் கொடுத்தேன். அதுவும் எட்டுதான்.

மூன்று வாரம் கழித்து ஸ்டோர் வாசலில் தொளக் தொளக்கென்று சத்தம்.

"இது கழண்டு கழண்டு வருதுங்க. ஆறே குடுங்க."

பூட்ஸ் மாற்ற வந்திருந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, கீழே உட்கார்ந்து அவள் கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை. ஆறை நானே மாட்டிவிட்டேன். பெண்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

"இந்த எட்ட என்ன செய்ய?" என்றாள்.

"ஒன் தம்பிக்குக் குடுத்துவிடு."