தோல் மறைப்பு

முதல் உலக யுத்தம் முடியப்போகிற 1918 புரட்டாசியில், ஊர் ஊராகப் பரவிய பம்பாய் ஜுரம் ஆம்பூருக்கு வருமுன்னே ஜியாவுல்லா மேஸ்திரி தயாராகிவிட்டார். வேலூரில் கொத்துக் கொத்தாக ஆட்கள் விழுகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே, தான் வேலை பார்த்த தொழிற்சாலையில் தோல் காயப்போடும் கொட்டகையைக் கேட்டு வாங்கினார். சுண்ணாம்பு அடித்து, முப்பது கயிற்றுக் கட்டில் போட்டு, ஆஸ்பத்திரி ஆக்கினார். எதையும் மறக்காத மனுஷன் என்று ஊரே மெச்சியது.

கம்பவுண்டர் ஆரோக்கியசாமி மட்டும், “பொம்பளைங்களுக்கு இன்னா ஏற்பாடு, மேஸ்திரி?” என்று கேட்டார்.

“நம்ம வீட்டுப் பொம்பளைங்க ஆஸ்பத்திரிக்கா வரப்போறாங்க? பேஜார் பண்ணாதய்யா.”

முப்பதும் ஆண்களுக்கே என்று முடிவாயிற்று.

ஜுரம் வந்து இரண்டே நாளில் கட்டில்கள் நிரம்பின. மருந்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. வேளைக்குக் கஞ்சி, வாய் நனைக்கத் தண்ணீர், மூச்சுத் திணறினால் நிமிர்த்தி உட்காரவைக்க ஒரு கை. அதிலேயே முக்கால்வாசிப் பேர் பிழைத்தார்கள்.

மூன்றாம் நாள் மேஸ்திரியின் மனைவி நசீமுன்னிசா படுத்தாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. அக்கம்பக்கத்திலும் எல்லோரும் பாயோடு பாய்.

“இன்னாங்க, என்னையும் அங்கயே கூட்டிட்டுப் போங்க. தண்ணி மொண்டு குடிக்கக்கூட எழுந்திருக்க முடியல.”

“அத்தினி ஆம்பளைங்க நடுவுல எங்க படுப்பே?”

“தோல் காயப்போடற கழி அப்படியேதானே இருக்குது? நாலு தோலைக் குறுக்கால தொங்கவுட்டா மறைப்பு ஆச்சு.”

நல்ல யோசனைதான். அதனாலேயே அவருக்குக் கோபம் வந்தது. மேஸ்திரி பெண்டாட்டி மாட்டுத் தோலுக்குப் பின்னால் கிடக்கிறாள் என்று ஊர் பேசுமே! தலைமாட்டில் ஒரு கூஜா தண்ணீர் வைத்தார்.

“மத்தியானம் வர்றேன்.”

வரவில்லை. அன்று புதிதாகப் பதினோரு பேர் வந்துவிட்டார்கள். அவர்களைத் தரையில் பாய் போட்டுப் படுக்கவைத்து, ஊரார் வாயிலெல்லாம் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார் மனுஷன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கூஜா காலியாக உருண்டு கிடந்தது. நசீமுன்னிசா சமையலறைத் தண்ணீர்ப் பானைக்கு இரண்டு முழம் இப்பால் குப்புறக் கிடந்தாள். உடம்பு சில்லிட்டுப்போயிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அவரே ஏணி வைத்து ஏறித் தோல்களைத் தொங்கவிட்டார். வேறு யாரையும் தொடவிடவில்லை. பொழுது சாய்வதற்குள் ஒன்பது பெண்கள் வந்துவிட்டார்கள், வெளி ஆண்களுக்கு முகம் காட்டாத கோஷா வீட்டுப் பெண்களும்தான். ஊர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

ஜுரம் தணிந்த பிறகு பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். தோல் மறைப்பின் முன் நின்று, “பிரமாதம்! யாரோட யோசனை இது?” என்று கேட்டார்.

“எல்லாம் எங்க மேஸ்திரி சாபு யோசனைதாங்க” என்றார் ஆரோக்கியசாமி.

ஜியாவுல்லா வாயைத் திறந்தார். வேற்று ஆண்கள் எதிரில் பெண்டாட்டி பேரைச் சொல்லும் வழக்கம் அவர் வீட்டில் என்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி அவர் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.