சத்தும் சந்தும்

அக்கா வாயிலிருந்து பல்செட்டைக் கழற்றி என் வேலை மேஜையில், மெழுகு உருக்கும் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். "இந்தா, உன் பொய்ப்பல்லை நீயே வெத்துக்கோ," என்றாள். மேல்வரிசையில் முன்பல் நான்கும் இல்லாததால் அவளுக்கு 'ச' எல்லாம் 'த' ஆகிவிடும். அந்த வெட்கத்தில் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், பல்லைச் செய்து கொடுப்பது நான். ஊரில் யார் யாருடைய சிரிப்பு என் கைவண்ணம் என்பது எனக்கும் அவர்களுக்கும்தான் தெரியும். அக்கா படிக்கட்டில் சறுக்கி விழுந்து பல்லைத் தொலைத்தபோது நானும் அவளோடு சேர்ந்து அழுதேன். அழும்போதே கை பரபரத்தது. சின்ன வயதிலிருந்து அவள் முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. தீக்குச்சி நுழையும். போனது போகட்டும், இனியாவது லட்சணமாக இருக்கட்டும் என்று அந்தச் சந்தை அடைத்து, நிறம் பார்த்து, பக்கத்துப் பல்லுக்கே சந்தேகம் வராதபடி இழைத்து இழைத்துச் செய்தேன். டாக்டரே அசந்துபோனார். அதைத்தான் இவள் வேண்டாத சாமானைப் போல வைத்துவிட்டு நிற்கிறாள்.

"ஏங்க்கா, என்ன குறை? கடிக்குதா?"

அவள் பதிலைப் பல் போட்டு எழுதுகிறேன். "கடிக்கல. நேத்து வகுப்புக்குப் போனேன். எனக்குப் பதிலா வேற யாரோ வந்த மாதிரி பசங்க கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எனக்கே அப்படித்தான் இருந்துச்சு. ஆயுசு பூரா எது நிஜம்னு கேட்டவ, வாயில பொய்யை வெச்சுக்கிட்டு எப்படிடி பேசுவேன்? பாடத்தைப் புதுசா சேர்ந்த சின்ன மேடம்கிட்ட குடுத்துடப் போறேன்."

அக்கா கல்லூரியில் தத்துவம் நடத்துகிறாள். அதிலும் எது நிஜம் என்ற ஒரே கேள்விதான் அவளுக்கு உயிர். என்றும் மாறாதது எதுவோ அதுதான் நிஜம் என்றது ஒரு கூட்டம். கண்ணுக்கும் கைக்கும் அகப்படுவதைத் தவிர வேறொன்றும் இல்லை என்றது இன்னொன்று. எது ஒரு காரியத்தைச் செய்கிறதோ அது நிஜம், மற்றதெல்லாம் வெறும் பேச்சு என்றது மூன்றாவது. மூன்றையும் ஒரே வகுப்பில் மோதவிட்டு அவள் வேடிக்கை பார்ப்பாள். நிஜத்துக்குப் பழைய சொல் 'சத்து', அல்லாததற்கு 'அசத்து'. இந்த இரண்டையும் சொல்லாமல் அவள் ஒரு வகுப்பையும் முடித்ததில்லை. அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் வாடிப்போவாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. மாமாதான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வீடே வெறிச்சுன்னு இருக்கும்மா," என்றார். "பல்லு போனதோட விசிலும் போச்சு, புதுப் பல்லு வந்தும் அது திரும்பல."

"எந்த விசில், மாமா?"

"நல்லா கேட்ட போ! 'ச' வந்தாலே ஊதுவாளே உங்கக்கா. 'சாப்பிட வாங்க'ன்னா பாதி வார்த்தை விசில்தான். அதக் கேட்டாத்தான் எனக்குப் பசியே எடுக்கும். காலேஜ்ல அவளுக்கு விசில் மேடம்னுதானே பேரு?"

தலையில் அடித்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து கேட்டதால் எனக்கு அது காதில் விழுந்ததே இல்லை. சந்தை அடைக்கிறேன் பேர்வழி என்று அக்காவையே அடைத்துவிட்டிருக்கிறேன்!

மறுநாள் அவளைக் கெஞ்சிக் கூத்தாடி என் மேஜைக்கு முன்னால் உட்காரவைத்தேன். மெல்லிய அரத்தால் நடுப்பற்களுக்கிடையில் ஒரு இழுப்பு இழுத்து, செட்டைக் கழுவி மாட்டிவிட்டு, "சத்து சொல்லு," என்றேன். சொன்னாள். ஒன்றுமில்லை. கழற்றித் தேய்த்து மறுபடி மாட்டினேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. எனக்கு ரோஷம் வந்து ஓங்கித் தேய்த்துவிட்டேன். இந்த முறை அவள் 'சத்து' என்றதும் தெருவில் போன வண்டிக்காரர் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிரேக் போட்டார். அப்புறம் மெழுகை வைத்துச் சந்தைக் குறுக்கி, சுரண்டி, குறுக்கி, நான் என் பொறுமையையும் அவள் தன் பொறுமையையும் தின்று தீர்த்த நேரத்தில், "சத்து" என்ற சொல்லின் நுனியில் சின்னதாக, சன்னமாக ஒன்று எழுந்தது.

இருவரும் அசையவில்லை. அக்காவின் கண்கள் விரிந்தன. "சத்து," என்றாள். "சனிக்கிழமை. சோம்பேறி. சண்டைக்காரி." ஒவ்வொன்றும் ஊதியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தேன்.

மெழுகை எடுத்துவிட்டு அந்த அளவிலேயே நிலையாகச் செய்து மாட்டியபோது அவள் முகம் யோசனையில் இருந்தது.

"இது நீ அரத்தால செஞ்ச விசில்தானேடி? அப்ப இதுவும் அசத்துதானே?"

"காரியம் செய்யுதான்னு பாரு," என்றேன். அவள் சரக்கை அவளிடமே விற்றேன். நாக்கால் சந்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே எழுந்து போனாள்.

அடுத்த வகுப்புக்கு அவளுக்குத் தெரியாமல் போய்க் கடைசி பெஞ்சில் ஒடுங்கிக்கொண்டேன். அக்கா வந்தாள். கை வாயை விட்டு இறங்கவில்லை. வகுப்பு மரியாதையாக, சோகமாக எழுந்து உட்கார்ந்தது. "போன தடவை," என்று தொடங்கித் தயங்கினாள். பிறகு, "சத்து," என்றாள். விசில் விரலிடுக்கில் புகுந்து கடைசி பெஞ்சு வரை வந்தது.

முன்வரிசையில் ஒரு பெண் துள்ளி எழுந்து, "மேடம் வந்துட்டாங்க!" என்று கத்தினாள். அவ்வளவுதான். கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறைதான்.

சத்தம் அடங்கும் வரை அக்கா அப்படியே நின்றாள். பிறகு நான் கனவிலும் நினைக்காத காரியத்தைச் செய்தாள். பல்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினாள்.

"இப்ப ஒரு விதில் கேட்டீங்களே," என்றாள். "அது தத்தா, அதத்தா?"

சிரிப்பு வெடித்த அதே நொடியில் கைகள் எழுந்தன. சத்து என்று ஒருவன், அசத்து என்று இன்னொருத்தி, மேடம் மேடம் என்று நாலா பக்கமும். ஒரு கையில் பல்லும், அடுத்துப் பேச வேண்டியவரைக் காட்டிக்கொண்டே இருக்கும் மறு கையுமாக, மூடுவதற்குக் கையில்லாத வாயை முழுசாகத் திறந்து அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். என் கையும் உயர்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.