பெண் பார்க்க வந்தவர் அழித்த பாதி

1

இந்தக் கதை கோவில்பட்டியில் ஒரு கல்யாணத் தரகர் என்னிடம் சொன்ன ஒரே வரியிலிருந்து வந்தது. “பொண்ணு பாக்கப் போன எடத்துல ஒரு பையன் லேப்டாப்பைக் கெடுத்துப்புட்டான், அண்ணாச்சி.” அதற்குள் அவருக்கு பஸ் வந்துவிட்டது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கரிசல் மண் வெயிலில் வெடித்துக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை—

நிறுத்திவிட்டேன். இந்தப் பக்கத்துக் கதை என்றால் முதல் வரியிலேயே மண் வெடித்தாக வேண்டுமா? இது நடந்தது ஃபேன் ஓடுகிற ஒரு மாடி வீட்டில். மறுபடியும்:

ஜெயப்பிரியாவுக்குத் தன் நெட்புக்கை அப்பாவைத் தவிர யாரும் தொடுவது பிடிக்காது.

இது உண்மை. இங்கிருந்தே போகலாம்.

2

ஆண்டு 2009. நெட்புக் என்பது அப்போது புதிதாக வந்த குட்டி லேப்டாப். கைப்பைக்குள் அடங்கும், தூக்கினால் எடை தெரியாது, சிடி போட வழி கிடையாது. அப்பா சுந்தரபாண்டியனும் மகளும் அதைப் பங்கு போட்டிருந்தார்கள். வாங்கும்போதே இருந்த விண்டோஸ் அப்பாவுக்கு. அவருடைய தீப்பெட்டி ஆபீஸின் லேபிள் படங்களெல்லாம் அதில். ஜெயப்பிரியா ஹார்டு டிஸ்க்கில் பாதியைப் பிரித்து, பக்கத்திலேயே விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸைக் குடியேற்றியிருந்தாள். பெட்டியைத் திறந்தால் இரண்டு பெயர்கள் வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். அப்பா கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அது தானாகவே லினக்ஸுக்குப் போய்விடும்.

“ஏட்டி, உன்னோடது வந்துட்டு. என்னோடதைக் கூப்பிடு.”

லினக்ஸ் பக்கத்தில்தான் அவள் வேலை இருந்தது. இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருளின் பட்டியல்களையும் எச்சரிக்கைகளையும் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். வெவ்வேறு ஊர்க்காரர்கள் இணையத்தில் கூடிச் செய்கிற வேலை. சம்பளம் கிடையாது, சண்டை உண்டு. அந்த ஞாயிறு சாயங்காலத்துக்குள் அவள் தன் பங்கை அனுப்பியாக வேண்டும். தவறினால் அடுத்த பதிப்பும் இங்கிலீஷிலேயே வரும்.

[ஒரு நகல் எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்கும் வாசகருக்கு: நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்களா?]

3

அன்று காலை பாலகணேஷ் தன் அம்மா சுடலையம்மாளோடு பெண் பார்க்க வந்தான். அவனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கேசரி, காராச்சேவு, காபி எல்லாம் ஆயிற்று. ஜெயப்பிரியா உள்ளே போனதும் சுந்தரபாண்டியனுக்கு ஒரு யோசனை.

“தம்பி, இந்தப் பெட்டி எந்நேரமும் எடம் இல்ல, எடம் இல்லங்குது. என்னன்னு பாருங்களேன்.”

பார்த்தான். விண்டோஸ் பக்கம் நிரம்பி வழிந்தது. அடுத்த பாதிக்குப் பெயரில்லை, வகையில்லை. லினக்ஸ் எழுதியதை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவன் கண்ணுக்கு அது வெற்றிடமாகத் தெரிந்தது. அழித்தான். பெட்டியை மறுபடி இயக்கினான். கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஒற்றை வரி வந்து நின்றது. லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை. இரண்டில் எது வேண்டும் என்று கேட்கிற வாசற்காரனும் அந்த அழிந்த பாதிக்குள்தான் குடியிருந்தான்.

இங்கேதான் பாலகணேஷ் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவன், “இதுல ஏற்கெனவே வைரஸ் இருந்திருக்கு” என்று

(அடித்துவிட்டேன். அப்படிச் சொல்லியிருந்தால் கதை காராச்சேவோடு முடிந்திருக்கும்.)

இரண்டாம் வரைவில் எழுந்து சமையற்கட்டு வாசல்வரை போனான்.

“உங்க பெட்டியில ஒரு பாதியை அழிச்சிட்டேன். சும்மா கெடக்குன்னு நெனச்சிட்டேன்.”

ஜெயப்பிரியா வந்து திரையைப் பார்த்தாள்.

“சும்மா கெடக்கல,” என்றாள். “நான்தான் அங்கன இருந்தேன்.”

4

அழுகைதான் வந்தது. வந்தவர்கள் முன்னால் வேண்டாம் என்று அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள். அவன் மெதுவாகப் பேசினான்.

“அழிஞ்சது எல்லைக்கோடு மட்டுந்தான். இதுக்கு மேல ஒண்ணும் எழுதலன்னா உள்ள இருக்கது அப்படியே இருக்கும். பென்டிரைவ்ல லினக்ஸ் வச்சிருக்கீங்களா?”

வைத்திருந்தாள். அதிலிருந்து பெட்டியை எழுப்பினார்கள். தொலைந்த எல்லையைத் தேடித் தருகிற ஒரு நிரல் இருப்பது அவளுக்குத் தெரியும். அது கேட்கிற கேள்விகளுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். தேடல் ஆரம்பித்தது. நெட்புக்குக்கு எடையைப் போலவே வேகமும் குறைவு. மத்தியானமாகிவிட்டது.

சுடலையம்மாள் எழுந்தார். “கெளம்புவோம்லே. கை நனைக்காமப் போகணும்.”

சம்மதம் ஆகாமல் பெண் வீட்டில் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

“நான் கெடுத்ததும்மா. சரியாகாம எப்படி வர?”

“அப்போ பசிச்சா என்ன செய்ய?” என்றார் சுடலையம்மாள்.

ஜெயப்பிரியாவின் அம்மா ஜானகி சாம்பார்க் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

ஜெயப்பிரியாதான் சொன்னாள். “பசிக்குச் சாப்பிடுங்கம்மா. சம்மதம்னா அதை நான் தனியாச் சொல்லுதேன். இல்லன்னாலும் சொல்லுதேன். சோத்துக்கிட்ட போய்க் கேக்க வேண்டாம்.”

ஜானகி முகத்தைப் பொத்தப் போனாள். கரண்டி நெற்றியில் இடித்தது. சுடலையம்மாள் ஜெயப்பிரியாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“எனக்குச் சுகர் இருக்கு, நேரத்துக்குத் திங்கணும்,” என்றார். “இலையைப் போடுங்க.”

5

பெரியவர்கள் ரசத்துக்கு வந்திருந்தபோது அந்த நிரல் தொலைந்த பாதியைக் கண்டுபிடித்துவிட்டது. பழைய எல்லையை மறுபடி எழுதவா என்று கேட்டது. பாலகணேஷ் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

“நீங்க அமுக்குங்க.”

அமுக்கினாள். பெட்டியை இயக்கியதும் இரண்டு பெயர்களும் வந்தன.

“என்னோடது இருக்கா?” என்றார் சுந்தரபாண்டியன், இலையிலிருந்தபடியே.

ஜெயப்பிரியா தன் கோப்பைத் திறந்தாள். எல்லாம் இருந்தது. தமிழாகாத ஒரு வரியும் இருந்தது.

“இது என்ன மிச்சம்?” என்றான் பாலகணேஷ்.

“‘ஆர் யூ ஷூர்?’ குழுவில ‘நீங்கள் உறுதியாக இருக்கிறீர்களா?’ன்னு போடச் சொல்லுதாவ. யாரு அப்படிப் பேசுதா?”

அவன் அந்த வரியைக் காட்டினான். “அழிக்கும்போது எங்கிட்டயும் அதைத்தான் கேட்டுச்சு. தினம் பாக்குத இங்கிலீஷ்தானன்னு படிக்காமலே அமுக்கிட்டேன். ‘நெசமாத்தானா?’ன்னு கேட்டிருந்தா கையை எடுத்திருப்பேன்.”

அன்றைக்கு முதல் தடவையாக அவள் சிரித்தாள். எழுத்து நடைக்காக ‘நிஜமாகத்தானா?’ என்று மாற்றித் தட்டினாள். சாயங்காலம் வேலை போய்ச் சேர்ந்தது.

6

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தை மாதம் கல்யாணம். பத்திரிகை அச்சாகிறவரை போய்விட்டேன், கேசரியைவிட இனித்தது. இன்னொன்றில் அவள் மறுக்கிறாள். நல்ல பையன்தான், ஆனால் கேட்காமல் அழிக்கிற கை எப்போதும்

முடிக்க மனம் வரவில்லை.

மறுநாள் தரகர் போன் செய்தார். சுந்தரபாண்டியன் மகளிடம் நீட்டினார்.

“பதிலை அவியகிட்டயே சொல்லிக்கிடுதேன் அண்ணாச்சி. நம்பரைக் குடுங்க.”

நம்பரை வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். கீழே அப்பாவும் அம்மாவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு ஒரு சிரிப்பு. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மறுக்கும்போதும் சிரிக்கக்கூடிய பெண் அவள்.

நான் மேலே போகவில்லை. கதை எழுதுகிறவன் என்பதற்காக ஒரு பெண் போனில் பேசுவதை ஒட்டுக்கேட்பது நன்றாக இருக்காது. நீங்கள் வேண்டுமானால் போகலாம். மாடிப்படி வீட்டுக்கு வெளியே, வேப்பமரத்தை ஒட்டி இருக்கிறது. செருப்பைக் கீழேயே விடுங்கள். சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவாள்.