எந்தக் கதவைத் திறந்தாலும் அடுக்களை

2010ஆம் ஆண்டு மார்ச் மாதம், திவால் நீதிமன்றம் செஸ்டர் யங்கோவ்ஸ்கியை எல்லாக் கடன்களிலிருந்தும் விடுவித்துக் கடிதம் அனுப்பிய மறுநாள் காலை, அவர் தாம் வேலை பார்த்த பால் கம்பெனியின் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தார். கால் பட்ட இடம், நான்கு மாதங்களுக்கு முன் அவர் காலி செய்துவிட்டுப் போன பழைய வீட்டின் அடுக்களை. பால் கம்பெனி இருப்பது கிளீவ்லாந்து நகரத்தின் மேற்குக் கோடியில். அடுக்களை இருந்தது கிழக்கே, எங்கள் தெருவில். நடுவில் ஒன்பது மைல். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. சரி, வந்தது வந்தோம், வெளியே போவோம் என்று கொல்லைக் கதவைத் திறந்தார். அந்தப் பக்கமும் அதே அடுக்களை. வாசல் கதவைத் திறந்தார், அங்கேயும் அடுக்களை. மூன்றாவது முறை கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டு, ஜன்னலைத் தூக்கி, அறுபத்தொரு வயதில் காலை வெளியே போட்டார்.

பக்கத்து வீட்டு மிஸ் ஒடெசா அந்தக் காலைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தோடு வந்தார். காலி வீடுகளில் புகுந்து செம்புக் குழாய் அறுத்துக்கொண்டு போகிறவர்கள் அப்போது எங்கள் பக்கம் அதிகம்.

"எவண்டா அது, பட்டப்பகல்ல?"

"நான்தான் மிஸ் ஒடெசா. செஸ்டர்."

"கதவுக்கு என்ன கேடு வந்துச்சு, மிஸ்டர் செஸ்டர்?"

"கதவத் திறந்தா அடுக்களைதான் வருது."

மிஸ் ஒடெசா கொஞ்சம் யோசித்தார். "அப்படியே தொங்கிக்கிட்டு இருங்க, ஸ்டூல் எடுத்துட்டு வர்றேன்" என்றார். அந்த ஸ்டூல் அடுத்த நான்கு வருஷம் அந்த ஜன்னலுக்குக் கீழேயே கிடந்தது.

எது எப்படி என்பது ஒரு வாரத்தில் தெரிந்துபோயிற்று. ஆள் நுழையும் கதவாக இருக்க வேண்டும், அவர் கையால் திறந்திருக்க வேண்டும், அப்படியானால் அடுக்களை. வண்டிக் கதவு, ஃப்ரிட்ஜ் கதவு, அலமாரிக் கதவு இவற்றில் ஒரு தொல்லையும் இல்லை. வேறு யாராவது திறந்து பிடித்துக்கொண்டால் மற்ற மனிதர்களைப் போல நுழைந்துவிடுவார். சூப்பர் மார்க்கெட்டின் தானியங்கிக் கதவு சில நாள் விடும், சில நாள் விடாது. பால் பெட்டிகளைக் கடை கடையாக இறக்குவதுதான் அவர் பிழைப்பு. கடைக்காரர்கள் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்துவைக்கப் பழகிக்கொண்டார்கள். மறந்துபோனால் பால் வராது, அவ்வளவுதான்.

யங்கோவ்ஸ்கி தம்பதி செய்த தவறு, அந்த வருஷம் எங்கள் தெருவில் பாதிப் பேர் செய்த தவறு. மனைவி ஐரீனுக்கு இடுப்பு ஆபரேஷன், அதற்கு மேல் வீட்டை இரண்டாம் முறை அடமானம் வைத்துப் புது வெந்நீர் பாய்லர், கடைசியில் மஞ்சள் கடுதாசி. வங்கியிலிருந்து முதல் கடிதம் வந்ததுமே மானம் போச்சே என்று மூட்டை கட்டிவிட்டார்கள். வழக்குப் போட்டிருக்கிறோம் என்று சொல்கிற கடிதம் அது. வெளியே போ என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நாங்கள் யாரும் இரண்டாம் பக்கத்தைப் படிக்கிற ஆட்கள் இல்லை. இருவரும் மேற்கே ஒரு மூன்றாம் மாடிக் குடியிருப்புக்குப் போனார்கள். போகிற அன்று ஐரீன் நடைபாதையில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "இனி என் பொணங்கூட இந்த வீட்டுப் பக்கம் வராது." ஐரீன் பள்ளியில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். சொன்னால் சொன்னதுதான். மூன்று வருஷம் அந்த அடுக்களையில் நின்றுதான் அவள் கடன்காரர்களின் போனை எடுத்தாள். சாப்பிட உட்கார்ந்தால் மணி அடிக்கும். ஈஸ்டர் அன்றுகூட அடித்தார்கள், பாவிகள்.

ஆக செஸ்டருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த வீட்டைத் தலைமுழுகிவிட்டு, மாலையில் தன் கையால் கதவைத் திறந்து பெண்டாட்டி இருக்கிற வீட்டுக்குள் போக வேண்டும்.

இலவசச் சட்ட உதவி மையத்தில் ட்ரூடி ஹாலக் என்று ஒரு வக்கீல் இருந்தார். பேசிக்கொண்டே உப்பு பிஸ்கட் தின்பவர், ஆனால் கெட்டிக்காரி. ஐரீன் திறந்த கதவு வழியாக வந்து உட்கார்ந்த செஸ்டரிடம் அவர் சொன்னார்: "கடன் உங்கள விட்டுடுச்சு சார். வீடுதான் விடல. கோர்ட்டு அழிச்சது நீங்க கட்ட வேண்டிய பணத்த. பத்திரத்துல பேர் இன்னும் உங்களுதுதான். வங்கி எடுத்துக்கிற வரைக்கும் அது உங்க வீடு."

"எடுத்துக்கச் சொல்லுங்களேன்."

"அதுதான் சங்கடம். எடுத்துத்தான் ஆகணும்னு அவங்கள யாரும் கட்டாயப்படுத்த முடியாது."

பிறகு வழிகளைச் சொன்னார். பத்திரத்தை வங்கிக்கே எழுதிக் கொடுத்துவிடலாம். வங்கி சம்மதித்தால் கிடைத்த விலைக்கு விற்கலாம். கோர்ட்டு சார்பில் ஷெரிஃப் வீட்டை ஏலம் போடும் வரை காத்திருக்கலாம். "இன்னொன்னும் இருக்கு. திரும்பப் போய் அங்கேயே குடியிருங்க. இன்னிக்கு நிலைமையில உங்கள யாரும் வந்து கிளப்பப் போறதில்ல." செஸ்டர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். ஐரீன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள், கதவை அவள்தான் திறக்க வேண்டும் என்பதால் அவரும் எழ வேண்டியதாயிற்று.

பத்திரத்தை எழுதி அனுப்பினார்கள். எங்களுக்கு வேண்டாம் என்று மூன்றாம் வாரம் திரும்பி வந்தது. நேரில் கொடுத்தால் முகத்துக்கு நேரே எப்படி மறுப்பார்கள் என்று செஸ்டர் ஒரு வெள்ளிக்கிழமை ஐரீனிடம் சொல்லாமல் வங்கிக்கே போனார். ரோஷத்தில் கதவைத் தாமே தள்ளிவிட்டு, கையில் பத்திரத்தோடு அடுக்களையில் நின்றார். வங்கி பெயருக்குப் பதிவு செய்துவிடலாம் என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு ஐரீனையும் அழைத்துக்கொண்டு போனார். அவள் பதினோரு கதவு திறந்தாள். குமாஸ்தா பத்திரத்தைப் புரட்டிப் பார்த்து, "கொடுக்கறவர் கையெழுத்து இருக்கு, வாங்கறவர் கையெழுத்து எங்க?" என்றான். அடுத்த வருஷம் ஃபுளோரிடாவிலிருந்து ஒருவன், வீட்டைப் பார்க்காமலேயே, ஒரு பழைய காரின் விலைக்குக் கேட்டான். வங்கி பதில் சொல்ல எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அவன் வேறு நாற்பது வீடுகளை வாங்கித் திவாலாகிவிட்டான். 2012இல் ஏலத் தேதி குறித்தார்கள். ஐரீன் அதற்காகவே ஒரு கேக் செய்தாள். முதல் நாள் மாலை வங்கி ஏலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வீட்டின் விலையைவிட அதை இடிக்கிற செலவு அதிகமாம். கேக்கைச் சாப்பிட்டோம். பிறகு அந்த அடமானத்தை வேறொரு கம்பெனிக்கு விற்றார்கள். அந்தக் கம்பெனிக்கு அலுவலகம் கிடையாது, போன் நம்பர் மட்டும் உண்டு. எப்போது கூப்பிட்டாலும் ஒரு பெண் குரல், "உங்க கோப்பு பரிசீலனையில இருக்கு" என்று சொல்லும்.

இதற்கிடையில் அடுக்களை தேய்ந்துகொண்டே போயிற்று. செஸ்டர் வாரத்துக்கு மூன்று நான்கு முறையாவது தவறிப்போய் அங்கே விழுவதால் எல்லாம் அவர் கண்முன்னே நடந்தது. ஒரு தடவை பல் டாக்டரின் கதவைத் திறந்தபோது பாத்திரம் கழுவும் தொட்டி இல்லை. தேவாலயக் கதவைத் திறந்தபோது குழாய்கள் இல்லை. ஐரீனின் அக்கா வீட்டுக் கதவைத் திறந்தபோது பாய்லரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் பயந்து ஓட, செஸ்டர் "நில்லுங்கப்பா, ஜன்னல் வழியா இறங்க ஒரு கை குடுத்துட்டுப் போங்க" என்று கத்தினார். புல் எட்டு அங்குலத்துக்கு மேல் வளர்ந்ததற்கு, வீட்டுப் பராமரிப்பைக் கவனிக்கிற நீதிமன்றம் அவரைக் கூப்பிட்டு அபராதம் போட்டது. யார் வீட்டுப் புல் என்று நீதிபதியிடம் அவர் கேட்டார். பத்திரத்தில் யார் பெயர் என்று நீதிபதி கேட்டார். அன்றிலிருந்து புல்லையும் அவரே வெட்டினார். ஜன்னல்களுக்கு நகராட்சி பலகை அடித்தபோது, ஒரு நாள் முழுக்க இருட்டில் மாட்டிக்கொண்டு சுவரைத் தட்டினார். மிஸ் ஒடெசா கடப்பாரையோடு வந்து பலகையைப் பெயர்த்து, "இனிமே வரும்போது சொல்லிட்டு வாங்க" என்றார். சொல்லிவிட்டு வருவதாக இருந்தால் அவர் ஏன் வருகிறார்?

மனிதர் நிலைகொள்ளாமல் போனார். எங்கே கிளம்பினாலும் போய்ச் சேருவாரா என்று தெரியாது. சட்டைப்பையில் எப்போதும் டார்ச் லைட், பஸ் சீட்டு, ஒரு ரொட்டித் துண்டு. குளியலறைக் கதவைக்கூட ஐரீன் திறக்க வேண்டும். 2013 நவம்பரில் அவள் கை ஓய்ந்துபோயிற்று.

"கதவத் திறந்து திறந்து எனக்குத் தோள்பட்டையே போச்சு, செஸ்டர். நான் என்ன பொண்டாட்டியா, வாட்ச்மேனா? நீ வருவ வருவன்னு தினமும் சூப்ப நாலு தடவ சூடு பண்றேன்."

"நான் வேணும்னா செய்றேன்?"

"வேணும்னு செய்யல. ஆனா நீ இன்னும் அந்த வீட்டுலதான் இருக்க. நான் மட்டும்தான் வெளிய வந்திருக்கேன். அது ஒழியற அன்னிக்குச் சொல்லி அனுப்பு, வர்றேன்."

அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாம் மாடிக் குடியிருப்பைத் திறந்துவிட ஆள் இல்லாததால் செஸ்டர் அந்தக் குளிர்காலம் முழுவதும் பழைய அடுக்களையில்தான் கிடந்தார், தண்ணீர் இல்லாமல், வெப்பம் இல்லாமல், பால் கம்பெனியின் கம்பளிக் கோட்டைப் போர்த்திக்கொண்டு. மிஸ் ஒடெசா ஜன்னல் வழியாக முட்டைக்கோஸும் சாசேஜும் கொடுப்பார். எங்களுக்கெல்லாம் அவரைப் பார்க்கவே சகிக்கவில்லை. ஐரீன் மேல் கோபம் கோபமாக வந்தது, அவள் சொன்னதில் தப்பு இல்லை என்பதும் தெரிந்தது.

2014 மே மாதம் நகராட்சி இயந்திரம் வந்து வீட்டை இடித்தது. அறுபது வருஷம் நின்ற வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் போதுமாக இருந்தது. குழியை மண் போட்டு மூடி, புல் விதை தூவி, மேலே வைக்கோல் பரப்பிவிட்டுப் போனார்கள். இடித்த கூலிச் சீட்டு செஸ்டர் பெயருக்கு வந்தது. அதை முத்தம் கொடுத்து வாங்கினார். அன்றே ஐரீனுக்குச் சொல்லி அனுப்பினோம். அவள் அக்கா வீட்டிலிருந்து கிளம்பி, மூன்றாம் மாடிக்குப் போய், பெருக்கித் துடைத்து, பார்லி சூப் வைத்து, மேஜையில் இரண்டு தட்டு போட்டாள். ஐந்தரைக்குப் படிக்கட்டில் காலடி கேட்டது.

"ஐரீன், நீ உக்காரு. நானே திறக்கிறேன்."

கைப்பிடி திரும்பியது. கதவு திறந்தது. செஸ்டர் தலை வாரி, சட்டை மாற்றி, கையில் பூங்கொத்தோடு நின்றார். சிரித்துக்கொண்டே காலை எடுத்து உள்ளே வைத்தார். உள்ளே வந்து சேரவில்லை. கதவு காலியாக ஆடிக்கொண்டிருந்தது, தரையில் இரண்டு வைக்கோல் துரும்பு கிடந்தது.

எங்கள் தெருவில் அவர் வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தார். சுவர் இல்லை, கூரை இல்லை, ஏறிக் குதிக்க ஜன்னல்கூட இல்லை. நகராட்சி இடித்தது வீட்டை. பத்திரத்தில் பெயர் அப்படியேதான் இருந்தது. மிஸ் ஒடெசா தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மழை பிடித்தது. எங்கேயாவது நடந்து போயிருக்கலாம், தடுக்க ஒன்றும் இல்லை. அவர் போகவில்லை. வைக்கோல் மேல் உட்கார்ந்து, அறுபத்தைந்து வயது மனிதர், வாய்விட்டு அழுதார்.

இரண்டு பஸ் மாறி வர ஐரீனுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. துண்டில் சுற்றிய சூப்புப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊன்றிய தடியோடு தெருமுனையில் திரும்பினாள். நாங்கள் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தோம், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. நடைபாதை முடிகிற இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு சேற்றில் இறங்கி, செருப்பு ஒட்டிக்கொள்ள ஒட்டிக்கொள்ள, நேரே அவரிடம் போனாள்.

"நகரு" என்றாள். "சூப்பு ஆறுது."

மழையில் உட்கார்ந்து இருவரும் பாத்திரத்திலிருந்தே குடித்தார்கள். மிஸ் ஒடெசா குடையோடு வந்து, தன் வீட்டு மாடிப் பகுதி போன வருஷத்திலிருந்து காலியாகத்தான் கிடக்கிறது என்றார். ஜூனில் ஐரீன் அங்கே சாமான்களை ஏற்றிவிட்டாள். படிக்கட்டுக் கதவைக் கழற்றித் திரை போட்டுக்கொள்ள மிஸ் ஒடெசா சம்மதித்தார், குளிர்காலத்தில் மட்டும் கதவை மறுபடி மாட்டி, செஸ்டருக்காகத் தாமே திறந்துவிடுவார். தினமும் ஐந்து மணிக்கு செஸ்டர் பால் கம்பெனியில் வெளிக்கதவைத் திறப்பார். அடுத்த அடி பக்கத்தில், பழைய வீடு இருந்த மனையில். துணிக்கொடியில் கிடக்கிற துணிகளை எடுத்துக்கொண்டு மாடியேறுவார். சக ஊழியர்கள் அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் வண்டிக்குப் பின்னால் வண்டியாக நின்று திட்டிக்கொண்டிருப்பார்கள்.

2016 செப்டம்பரில் அந்தப் போன் நம்பர் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கோப்பு பரிசீலிக்கப்பட்டுவிட்டதாம், பத்திரத்தை ஏற்றுக்கொள்ளத் தயாராம், இணைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டுமாம். செஸ்டர் அதை இரண்டு முறை படித்தார், இந்தத் தடவை இரண்டாம் பக்கத்தையும் சேர்த்து. பேனாவைத் தேடினார். ஐரீன் அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்:

"போட்டுட்டா சாயங்காலம் எந்த வழியா வருவ?"

"பஸ்லதான்."

"ரெண்டு பஸ் மாறி, ஒன்னேகால் மணி நேரம் தொங்கிக்கிட்டு? நான் எத்தன தடவ சூப்ப சூடு பண்றது?"

செஸ்டர் யோசித்துப் பார்த்தார். கடிதத்தை மடித்து உறையில் போட்டார். மறுநாள் வழக்கம்போல ஐந்து மணிக்கு வந்தார்.