பரிவேட்டைக் குதிரைக்குச் சதை பிடித்தது

போன வருஷம் பரிவேட்டை அன்று, பெருமாளை ஏற்றி வந்த மரக்குதிரைக்கு வடக்கு ரத வீதி முனையில் முழங்கால் மடங்கிவிட்டது. வருஷம் முழுக்க வாகன மண்டபத்தில் சும்மா நின்றால் எந்தக் குதிரைக்குத்தான் சதை இருக்கும்? பெருமாள் வேட்டையாடாமலே கோயிலுக்குத் திரும்பினார். "இன்னொரு தடவை விழுந்தா டிராக்டர்தான்" என்று தர்மகர்த்தா சொல்லிவிட்டார்.

குதிரையின் முன்தண்டைத் தோளில் தாங்குகிற வைத்தமாநிதிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பெருமாள் டிராக்டரில் ஏறிவிட்டால் குதிரை விறகுக்குப் போகும். அப்புறம் இந்தத் தோள் எதற்கு, துண்டு போடவா?

சரி, குதிரையைத் தேற்றுவோம் என்று இறங்கினார். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்களே, அச்சு அசல் அந்தக் குதிரைதான். ஊறவைத்த கொள்ளைப் படி படியாகத் தின்றது. நடையைக் கூட்டவேண்டுமே என்று சாமி தூக்கும் ஆட்களைச் சேர்த்து, தண்டு கட்டி, தினமும் காலையில் அதைத் தோளில் தூக்கி ஆற்றங்கரைவரை போய்வந்தார். மாசி கழிந்தது. ஆட்களுக்குத் தோள் திரண்டு சட்டை கிழிந்தது. குதிரைக்கு விலா எலும்பு தெரிந்தது.

"நடந்தது நீங்க, சதை அதுக்கா வரும்?" என்றாள் அவர் மனைவி செண்பகவல்லி, கொள்ளைப் புடைத்தபடி. "தூக்கித் தூக்கியே அதைக் கெடுத்து வச்சிருக்கீங்க."

அட, ஆமாம்! அன்றே தண்டை அவிழ்த்துக் குதிரையைத் தரையில் விட்டார்கள். முதலில் வெறும் நடை, அதுவும் மெதுவாக. பிறகு ஆற்று மணலில், குளம்பு புதையப் புதைய. பிறகு கரை மேட்டில் ஏற்றம். அது பழகியபின்தான் முதுகில் அரிசி மூட்டை. வியர்த்தால் வார்னிஷ் வாசனை அடித்தது. உடனே நிறுத்தாமல், மூச்சு அடங்கும்வரை நடத்தியே கூட்டிவந்தார்கள். ஏகாதசிக்கு முழு ஓய்வு. ஓய்வில்தான் சதை பிடிக்கும். ஆட்கள் பாவம், விசிறியோடு பக்கத்தில் நடந்தார்கள்.

இந்த வருஷப் பரிவேட்டைக்குள் தொடை திரண்டு, குதிரையின் தங்க வர்ணம் வெடித்துவிட்டது. பெருமாள் ஏறினார். சம்பிரதாயத்தை விடக்கூடாதே என்று ஆட்கள் தண்டைத் தோளில் வைத்துக்கொண்டார்கள். பாரமெல்லாம் குதிரைமேல்தான். ஆனாலும் வடக்கு ரத வீதி முனையில் வைத்தமாநிதிக்கு முழங்கால் மடங்கிவிட்டது. விசிறி பிடித்த கையில் பலம் ஏது?

மேளம் நின்றது.

"விழுந்தது குதிரையா?" என்று பின்னாலிருந்து தர்மகர்த்தா கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி, வைத்தமாநிதி."

"அப்ப டிராக்டர் வேண்டாம்."

குதிரை முன்காலை மடித்துத் தாழ்ந்து கொடுத்தது. பெருமாள் சற்று முன்னால் நகர்ந்து இடம் விட்டார். வைத்தமாநிதி ஏறி உட்கார்ந்தார். இத்தனை வருஷம் சுமந்தவருக்கு வெட்கம் தாங்கவில்லை, தேம்பித் தேம்பி அழுதார். அப்படியே போய் வேட்டை முடித்துத் திரும்பினார்கள்.

மறுநாள் காலை ஆற்று மணலில் வைத்தமாநிதி மெதுவாக நடந்தார். தோளில் இன்னும் சுமை ஏற்றவில்லை. பெருமாள் கொள்ளுப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார்.